அட்லஸில் மூன்று பச்சைத் திட்டுகள்: மழைக்காடுகள் எங்கே மிச்சம் இருக்கின்றன?

வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூட அட்லஸ் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலை, சமவெளி காட்டும் படம் வேண்டாம். அதில் பச்சை நிறம் தாழ்வான நிலத்தைக் குறிக்கும். அது காட்டைக் குறிக்கிறது என்று நினைத்து நான் வெகுகாலம் ஏமாந்திருக்கிறேன். ‘இயற்கைத் தாவரங்கள்’ என்று ஒரு பக்கம் இருக்கும். அதைத் திறந்து நிலநடுக்கோட்டின் மேல் விரலை வைத்து, மேற்கிலிருந்து கிழக்காக இழுத்துக்கொண்டே போங்கள்.

பசிபிக் கடலைத் தாண்டி, தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலையை விட்டு இறங்கியதும் பெரிய கரும்பச்சைத் திட்டு ஒன்று வரும். அது அமேசான். அட்லாண்டிக்கைத் தாண்டினால் ஆப்பிரிக்காவின் நடுவில் இன்னொன்று, காங்கோ. இந்தியப் பெருங்கடலையும் கடந்தால் சுமத்ரா, போர்னியோ, நியூகினி என்று தீவு தீவாகச் சிதறிய மூன்றாவது திட்டு. உலகில் மிச்சமிருக்கும் வெப்பமண்டல மழைக்காட்டில் பெரும்பகுதி இந்த மூன்று இடங்களில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் துண்டு துணுக்குகள். அந்தத் துணுக்குகளில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சரி, ஏன் இந்தக் கோட்டை ஒட்டியே? நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஆண்டு முழுக்க வெயில் ஏறக்குறைய நேர் உச்சியில் அடிக்கிறது. சூடான காற்று கடல் ஈரத்தையும் சுமந்துகொண்டு மேலே எழும்புகிறது. மேலே போகப் போகக் குளிர்கிறது, குளிர்ந்ததும் ஈரம் மழையாகக் கொட்டிவிடுகிறது. ஈரத்தை இறக்கி வைத்த அந்தக் காற்று வடக்கிலும் தெற்கிலும் பரவி, ஏறத்தாழ 30 பாகை அட்சரேகையில் கீழே இறங்குகிறது. அது இறங்கும் இடத்தில் மேகம் கூடுவது அரிது. சஹாராவும் அரேபியப் பாலையும் ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையும் அந்த வரிசையில்தான் கிடக்கின்றன. மழைக்காடும் பாலைவனமும் ஒரே காற்றுச் சுழற்சியின் இரண்டு முனைகள்.

ஆனால் கோடு மட்டும் போதாது. விரலை ஆப்பிரிக்காவின் கிழக்கு ஓரத்துக்குக் கொண்டு போனால் கென்யாவின் கிழக்குப் பகுதி, சோமாலியாவின் தென்பகுதி வழியாகவும் நிலநடுக்கோடு போவது தெரியும். அங்கே இருப்பது முள்புதர்தான். பருவக்காற்று உள்ளே ஏறி வராமல் கரையை ஒட்டியே ஓடிவிடுவது அதற்கு ஒரு காரணம். இதற்கு மறுதலையாக, கோட்டை விட்டு வெகுதூரம் தள்ளியிருந்தாலும் கடல்காற்று மலையில் மோதும் இடங்களில் மழைக்காடு உண்டு. மடகாஸ்கரின் கிழக்குக் கரை, ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலை, நம் மலபார்ப் பக்கத்து மலைச்சரிவு எல்லாம் அப்படி வந்தவை.

மழையின் அளவைப் போலவே அது எப்படிப் பங்கிட்டுப் பெய்கிறது என்பதும் முக்கியம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்பது பொதுவான கணக்கு. சென்னையில் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது, அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். மீதி மாதங்களில் மரங்கள் தாக்குப்பிடிக்க வேண்டும். மழைக்காட்டு மரத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நீண்ட வறட்சி இல்லாததால்தான் அது மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை, ‘பசுமைமாறாக் காடு’ என்ற பெயரும் அதனால்தான்.

உள்ளே நுழைந்து பார்த்தால் முதலில் உறைப்பது இருட்டு. மேலே 30, 40 மீட்டர் உயரத்தில் மரத்தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூரை போட்டிருக்கும். அந்தக் கூரையையும் துளைத்துக்கொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நெடுமரங்கள் நிற்கும். வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேரும். அதனால் சினிமாவில் காட்டுவது போல வெட்டுக்கத்தியால் புதரை வெட்டி வழி செய்துகொண்டு போகிற வேலை அடர்ந்த மழைக்காட்டுக்குள் அவ்வளவாக இல்லை. தரை ஓரளவு காலியாகவே இருக்கும். புதர் மண்டிக் கிடப்பது ஆற்றோரத்திலும், மரம் விழுந்து வெளிச்சம் இறங்கிய இடத்திலும்தான். காட்டின் கூட்டமும் சத்தமும் மாடியில்: குரங்கு, பறவை, தவளை, ஆர்க்கிட், பெரணி எல்லாம் அங்கே குடியிருக்கும். கீழே கிடக்கும் இலை ஒன்றை எடுத்துப் பாருங்கள். நுனி நீண்டு, எண்ணெய் ஊற்றும் கரண்டி மூக்கு போல ஒடுங்கியிருக்கும். மேலே விழும் தண்ணீர் தேங்காமல் வடிந்து போவதற்கான ஏற்பாடு அது. தண்ணீர் தேங்கினால் பாசி பிடிக்கும், பாசி பிடித்தால் வெயில் உறைக்காது.

இவ்வளவு பச்சையைத் தாங்கும் மண் எத்தனை வளமாக இருக்க வேண்டும் என்று தோன்றும். அநேக இடங்களில் அது சத்துக்கெட்ட மண். ஓயாமல் பெய்யும் மழை சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். விழுந்த இலை சில மாதங்களில் மக்கி, அந்தச் சத்தை வேரும் பூஞ்சையும் உடனே உறிஞ்சி, மறுபடி மரத்துக்குள் ஏற்றிவிடுகின்றன. காட்டின் சொத்து மண்ணில் டெபாசிட்டாக இல்லை, மரங்களுக்குள் கைமாற்றாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மரத்தை வெட்டி எரித்துவிட்டால் இரண்டு மூன்று போகம் நன்றாக விளையும். அப்புறம் நிலம் கைவிரித்துவிடும். வெட்டியவர் அடுத்த துண்டுக் காட்டுக்கு நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அமேசான். ஏறத்தாழ 55 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். சுமார் 60 சதவீதம் பிரேசிலில் இருக்கிறது. மீதியை பெரு, கொலம்பியா, பொலிவியா, எக்குவடோர், வெனிசுவேலா, கயானா, சுரினாம், பிரெஞ்சு கயானா ஆகியவை பங்கிட்டுக்கொள்கின்றன. அதில் 39,000 கோடி மரங்கள், 16,000 இனங்கள் இருக்கும் என்று 2013ல் ஒரு ஆய்வுக் குழு மதிப்பிட்டது.

இந்தக் காட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம் எது என்று கேட்டால், அது தன் மழையில் ஒரு பெரும் பங்கைத் தானே தயாரிக்கிறது என்பதைத்தான் சொல்வேன். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகம் கரையோரக் காட்டில் பெய்கிறது. மரங்கள் அந்தத் தண்ணீரை வேரால் இழுத்து இலை வழியாக ஆவியாக விடுகின்றன. ஒரு பெரிய மரம் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான லிட்டர் விடும். அந்த ஆவி மறுபடி மேகமாகி, இன்னும் உள்ளே தள்ளிப் பெய்கிறது. அங்குள்ள மரங்கள் அதையே திரும்பச் செய்கின்றன. எனியாஸ் சலாட்டி என்ற பிரேசில் விஞ்ஞானி 1970களில் மழைநீரை ஆராய்ந்து இதை நிரூபித்தார். கடைசியில் ஆண்டிஸ் மலையில் முட்டி, அந்த ஈரக்காற்று தெற்கே திரும்பி, பிரேசிலின் தென்பகுதி வயல்கள் வரை போகிறது. அங்கே இதைப் ‘பறக்கும் ஆறுகள்’ என்கிறார்கள்.

மழை இருப்பதால் காடு, காடு இருப்பதால் மழை. கிழக்குப் பக்கம் வெட்டினால் மேற்குப் பக்கம் காயும். இதுவரை அமேசானில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விட்டது. பெரும்பாலும் மாட்டுப் பண்ணைக்காக, அடுத்தபடியாக சோயாவுக்காக. 2023லும் 2024லும் மனாவுஸ் நகரத்தை ஒட்டி ஓடும் ரியோ நீக்ரோ ஆறு, அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து கண்டிராத அளவு வற்றியது. படகு ஓடிய இடத்தில் மணல் தெரிந்தது.

வெட்டு ஒரே சீராகப் போகவில்லை. பிரேசில் அமேசானில் 2004ல் ஒரே ஆண்டில் 27,000 சதுர கி.மீ.க்கு மேல் அழிந்தது. செயற்கைக்கோள் கண்காணிப்பு, அபராதம், புதிதாக அழித்த நிலத்து சோயாவை வாங்க மாட்டோம் என்ற வியாபாரிகளின் ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்து 2012ல் அது 5,000க்கும் கீழே வந்தது. அப்புறம் ஆட்சி மாறி, பிடி தளர்ந்து, 2021ல் 13,000ஐத் தொட்டது. மறுபடி குறைந்திருக்கிறது. வெட்டுவதைத் தடுக்க வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை என்பது இந்த ஏற்ற இறக்கத்திலேயே தெரிகிறது.

ஒரு சின்ன விலகல். அமேசானைப் ‘பூமியின் நுரையீரல்’ என்று எழுதாத செய்தித்தாள் இல்லை. காடு வெளியிடும் ஆக்சிஜனை அந்தக் காடே, அதாவது அங்குள்ள மரமும் பூச்சியும் மக்கவைக்கும் நுண்ணுயிரும், ஏறக்குறைய முழுதாகச் செலவழித்துவிடுகின்றன. காடு போனால் நமக்கு மூச்சு முட்டாது. மழை போகும்; மரத்துக்குள் பூட்டியிருக்கும் கரியமில வாயு வெளியே வரும். அந்தக் கவலையே போதும்.

இன்னொரு அதிசயத்தையும் சொல்லிவிட்டு நகர்கிறேன். மண்ணில் சத்தில்லை என்றேன் அல்லவா, கரைந்து போகும் பாஸ்பரஸில் ஒரு பகுதியை ஈடுகட்டுவது சஹாராவின் தூசி. சாட் நாட்டில் வற்றிப்போன ஒரு பழைய ஏரிப்படுகையிலிருந்து கிளம்பும் புழுதி, அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசானில் வந்து விழுகிறது. பாலைவனம் காட்டுக்கு உரம் போடுகிறது.

காங்கோ காட்டைப் பற்றி நம் பத்திரிகைகளில் அதிகம் வருவதில்லை. பரப்பில் இரண்டாவது இதுதான், இந்தியாவில் ஏறத்தாழ பாதி. பெரும்பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசில். மீதி காங்கோ குடியரசு, கபோன், கேமரூன், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, எக்குவடோரியல் கினியில். அமேசானை விட மழை கொஞ்சம் குறைவு, பெருவிலங்குகள் அதிகம்: காட்டு யானை, கொரில்லா, சிம்பன்ஸிக்கு நெருங்கிய உறவான போனோபோ. ஒட்டகச்சிவிங்கியின் உறவான ஒகாபியை அறிவியல் உலகம் 1901ல்தான் பதிவு செய்தது. இங்கே காட்டை அரிப்பது பெரும்பண்ணைகளை விட, எரித்துப் பயிரிடும் சிறு விவசாயமும் அடுப்புக்கரியும். கின்ஷாசா போன்ற பெருநகரத்தில் பெரும்பாலான வீடுகளில் சமையல் அடுப்புக்கரியில்தான். கேஸ் சிலிண்டர் எட்டாத குடும்பத்தைப் பார்த்துக் காட்டை வெட்டாதே என்று சொல்வது எளிது.

காங்கோவின் பெரிய ரகசியம் மண்ணுக்கடியில் இருந்தது. காட்டின் நடுவில், ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும் சதுப்பில், விழுந்த இலை தழை மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து கறுப்புச் சேறாகக் கிடக்கிறது. 2017ல்தான் அதை அளந்து வரைபடம் போட்டார்கள். பரப்பு 1,45,000 சதுர கி.மீ., தமிழ்நாட்டை விடப் பெரியது. அதில் இருக்கும் கார்பன் சுமார் 3,000 கோடி டன். உலகம் முழுவதும் பெட்ரோல், டீசல், நிலக்கரி எரிப்பதால் வெளியாகும் கார்பனில் மூன்று ஆண்டுக் கணக்கு அது. ஈரமாக இருக்கும்வரை ஆபத்தில்லை. காய்ந்தால் எரியும்.

மூன்றாவது திட்டான தென்கிழக்கு ஆசியாவில் மரங்களின் உயரம்தான் கண்ணைப் பறிக்கும். போர்னியோவில், மலேசியாவின் சபா மாநிலத்துக் காட்டில் நிற்கும் ‘மெனாரா’ என்ற மரம் 100.8 மீட்டர் என்று 2019ல் அறிவித்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதே விமானத்தில் பாதியை ஏற்றி வைத்தால் வரும் உயரம். ஒராங்குட்டான் காட்டில் வாழ்வது போர்னியோவிலும் சுமத்ராவிலும் மட்டுமே.

இந்தக் காட்டுக்கும் நம் அடுப்படிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ரேஷன் கடையில் வாங்கும் பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. உலகப் பாமாயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த இரண்டு நாடுகளில்தான் உற்பத்தி. அந்தத் தோட்டங்களில் கணிசமானவை மழைக்காடாக இருந்த நிலம். பாமாயிலை ஒரேயடியாகத் திட்டிவிடவும் முடியாது. அதே அளவு எண்ணெயை சோயாவிலோ சூரியகாந்தியிலோ எடுக்கப் பல மடங்கு நிலம் வேண்டும். எண்ணெய் எது என்பதை விட, எந்த நிலத்தில் நட்டார்கள் என்பதில்தான் சிக்கல்.

வேடிக்கை என்னவென்றால், எண்ணெய்ப்பனை ஆசியாவின் மரமே இல்லை. மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டுப் பகுதியைச் சேர்ந்தது. 1848ல் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு வந்த நான்கே கன்றுகளில் தொடங்கியது ஆசியக் கதை. ரப்பர் அமேசான் மரம். 1876ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கப்பலேற்றினார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. மலாயாக் காட்டை அழித்துப் போட்ட தோட்டங்களில் பால்மரம் சீவ நம் ஊர்களிலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் போனதும், அங்கேயே தலைமுறைகள் வேர்விட்டதும் தெரிந்த கதைதான். கோகோவும் அமேசான் பக்கத்து மரம். அதை நட்டுத்தான் ஐவரி கோஸ்ட்டும் கானாவும் தங்கள் மழைக்காட்டில் பெரும்பகுதியை இழந்தன. ஒரு மழைக்காட்டின் மரத்தைக் கொண்டுபோய் நட இன்னொரு மழைக்காட்டை வெட்டியிருக்கிறோம், அதுவும் மூன்று கண்டங்களில்.

அதே வரிசையில் கிழக்கே நியூகினித் தீவு. மேற்குப் பாதி இந்தோனேசியா, கிழக்குப் பாதி பப்புவா நியூகினி. உலகத் தீவுகளிலேயே அதிகத் தாவர இனங்கள் இங்கேதான்: 13,000க்கு மேல். பொங்கலுக்கு வாசலில் நிறுத்தும் கரும்பையும், பந்தலில் கட்டும் வாழையையும் மனிதர்கள் முதன்முதலில் பயிராக்கிய இடங்களில் இந்தத் தீவு முக்கியமானது.

மற்ற துணுக்குகளை வேகமாகப் பார்த்துவிடலாம். பிரேசிலின் அட்லாண்டிக் கரைக்காடு, எட்டில் ஒரு பங்கு அளவுதான் மிச்சம். சாவோ பாவ்லோ, ரியோ போன்ற நகரங்கள் முளைத்தது அந்தக் காட்டின் மேல். மடகாஸ்கரின் கிழக்குக் கரை, குரங்குக்குத் தூரத்து உறவான லெமூர்களில் பல இனங்களின் புகலிடம். ஆஸ்திரேலியாவின் டெயின்ட்ரீ, உலகின் மிகப் பழைய மழைக்காடுகளில் ஒன்று; 2021ல் அந்த மண்ணின் பூர்வகுடிகளான கிழக்கு குகு யலஞ்சி மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கோஸ்டா ரிகா, 1980களில் நாட்டில் கால்பங்கு அளவுக்குச் சுருங்கிய காட்டை இன்று பாதிக்கு மேல் மீட்டிருக்கிறது. காட்டை வைத்திருக்கும் நில உரிமையாளருக்கு அரசு பணம் கொடுக்கிறது. இலங்கையின் சிங்கராஜா, ஒட்டுப்பலகைக்காக 1970களில் மரம் வெட்டத் தொடங்கி, எதிர்ப்பு கிளம்பியதால் நிறுத்தி, 1988ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

மழைக்காடு என்றால் வெக்கையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அலாஸ்காவிலிருந்து கனடா வழியாக அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிக் குளிர் மழைக்காடு நீள்கிறது. பாசி தொங்கும் ஊசியிலை மரங்கள், ஆற்றில் சால்மன் மீன். கரடி மீனைக் கரைக்கு இழுத்துப்போய்ப் பாதி தின்றுவிட்டுப் போட, அது மக்கி மரத்துக்கு உரமாகிறது. சிலியின் தென்பகுதி, டாஸ்மேனியா, நியூசிலாந்து, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை ஆகியவற்றிலும் இப்படிப்பட்ட காடுகள் உண்டு.

எவ்வளவு மிச்சம் என்ற கேள்வியில் ஒரு கண்ணி இருக்கிறது. பல புள்ளிவிவரங்களில் ரப்பர்த் தோட்டமும் யூகலிப்டஸ் தோப்பும் ‘காடு’ கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் வெட்டுப்படாத முதல்நிலைக் காடு எவ்வளவு என்று பார்ப்பதே சரி. 2024ல் மட்டும் வெப்பமண்டலத்தில் 67 லட்சம் ஹெக்டேர் முதல்நிலைக் காடு போனதாக மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கைக்கோள் கணக்கு சொல்கிறது. பாதித் தமிழ்நாடு. அந்த ஆண்டு விவசாயத்தைவிடத் தீயே அதிகம் தின்றது. ஈரக்காடு தானாகப் பற்றிக்கொள்வது அரிது. ஓரத்தில் மனிதர் வைக்கும் தீ, வறட்சி ஆண்டில் உள்ளே ஏறிவிடுகிறது.

இப்போது நம் மலை. ரசத்துக்கு நுணுக்கும் மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக் கொடி. ஏலக்காயும் அங்குள்ளதுதான். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் கைவிடப்பட்டு, 1984ல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலையிலும், களக்காடு முண்டந்துறையிலும் நல்ல மழைக்காடு இருக்கிறது.

துணுக்கு என்றால் என்ன என்று பார்க்க வால்பாறை போக வேண்டும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் தேயிலை, சீவிவிட்ட தலைமுடி போல மலை முழுக்க. 1890களிலிருந்து காட்டை வெட்டி நட்டது. அதற்கு நடுநடுவே வெட்டாமல் விட்டுப்போன காட்டுத் துண்டுகள் தீவு மாதிரி நிற்கும். அவற்றில் வெடிப்பலா என்று ஒரு மரம்: கிளையோடு ஒட்டிப் பூக்கும், முள்முள்ளாகக் காய்க்கும், துரியன் பழத்துக்குச் சொந்தம். சிங்கவால் குரங்குக்கு, சோலைமந்தி என்றும் சொல்வார்கள், அதன் பூவும் காயும் முக்கியமான தீனி. மரத்தை விட்டு இறங்காமலேயே வாழப் பழகிய குரங்கு அது.

வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் அந்தக் குரங்குக் கூட்டம் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக நடுவில் தார்ச்சாலை. இரண்டு பக்கமும் மரக்கிளைகள் எட்டுவதில்லை. தரையிறங்கிக் கடக்கும்போது வண்டியில் அடிபடும். அதற்காகப் பழைய தீயணைப்புக் குழாய்த் துணியைக் கீற்றுக் கீற்றாகப் பின்னி, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு, துண்டுகளின் ஓரத்தில் அந்தந்தக் காட்டு மரங்களின் நாற்றையே வளர்த்து நட்டுக்கொண்டு வருகிறது. நட்ட கன்று கூரையைத் தொடும் உயரத்துக்கு வர நீண்டகாலம் ஆகும். அதுவரை குரங்குகளுக்குக் குழாய்த் துணிதான் கிளை.